சிமெண்டுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது
இந்தியப் போட்டி ஆணையத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி சந்திப்பிலிருந்து மதுரை ரோட்டில் வடக்கே வந்தால் தச்சநல்லூர். அங்கே மண்வாரி எந்திரங்களுக்கான ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றை முப்பது வருடமாக நடத்தி வருகிறேன். பக்கெட் பல், பின், புஷ், ஹோஸ், ஃபில்டர், டிராக் ரோலர், சீல் கிட் என்று எண்ணெய்ப் பிசுக்கோடு புழங்குகிற வியாபாரம். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது அதனால் போட்டி கெடுமா என்று பார்த்து ஒப்புதல் கொடுப்பது உங்கள் வேலை. நீங்கள் இன்று போடும் கையெழுத்து ஏழெட்டு வருடம் கழித்து என் கடை மேசைக்கு எந்த உருவத்தில் வந்து சேர்கிறது என்பதை உங்களுக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே நான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில், ‘பொக்லைன் எந்திரம் மூலம் ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்ற செய்தி அடிக்கடி வரும். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு எல் அண்ட் டி இங்கே எக்ஸ்கவேட்டர் செய்தது. 90சிகே, 300சிகே என்ற மாடல்களை ஓட்டிய பழைய ஆபரேட்டர்கள் இன்றும் என் கடைக்கு வெறுமனே பேச வருகிறார்கள். 1977இல் அமெரிக்காவின் கேஸ் கம்பெனி பொக்லைனில் 40 சதவீதத்தை வாங்கியது. பிறகு எக்ஸ்கவேட்டர் தொழில் முழுவதும் கேஸின் கைக்குப் போனது. கேஸ் 1999இல் நியூ ஹாலந்தோடு சேர்ந்து சிஎன்ஹெச் ஆனது. இன்று பிரான்சில் பொக்லைன் என்ற பெயரில் ஹைட்ராலிக் மோட்டார் செய்கிற கம்பெனிதான் இருக்கிறது, எக்ஸ்கவேட்டர் கிடையாது. தமிழில் மட்டும் அந்த எந்திரம் தினமும் யாருடைய சுவரையாவது இடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் பக்கம் சங்கிலி வண்டி என்றால் ஹிட்டாச்சி, டயர் வண்டி என்றால் ஜேசிபி. செய்த கம்பெனி எதுவாக இருந்தாலும் பெயர் அதுதான். “உங்களுடையது எந்தக் கம்பெனி ஜேசிபி?” என்று நானே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறேன். சிரிக்காமல்தான் கேட்கிறேன். கேள்விக்குப் பதில் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. “வாங்கும்போது எந்தக் கம்பெனி, இப்போது எந்தக் கம்பெனி?” என்று இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த மடல் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

தாழையூத்து என் கடையிலிருந்து பைக்கில் கால் மணி நேரம். 1949இல் அங்கே இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்குச் சங்கர் நகர் என்று பெயர். அந்தக் கம்பெனியும் மற்றவர்களை வாங்கி வளர்ந்ததுதான். 1998இல் ராசி சிமெண்ட்டை அது கைப்பற்றியதைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 2024 டிசம்பரில் அதையே அல்ட்ராடெக் வாங்க நீங்கள் ஒப்புதல் கொடுத்தீர்கள். தொழிலாளர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் அதில் ஆயிரம் கவலை இருக்கலாம். அது வேறு மடல். வீடு கட்டுகிற கொத்தனாருக்கு மூட்டையின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் கலவை கலவைதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் பூசிய சுவருக்காக யாரும் பழைய கம்பெனியின் பாகத்தைத் தேடி மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அலைவதில்லை. சிமெண்டுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது.

எக்ஸ்கவேட்டர் அப்படிப்பட்ட சரக்கு இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் ஓடும். அதற்குள் பல் தேயும், பின் தேயும், டிராக் சங்கிலி தொங்கும், பம்பின் பிஸ்டன் கீறும், சீல் ஒழுகும். ராதாபுரம் பக்கத்துக் கல்குவாரியில் பாறை உடைக்கிற வண்டிக்கு ஒரு செட் பக்கெட் பல் எத்தனை நாள் வரும் என்று கேட்டால் குவாரிக்காரர் பெருமூச்சு விடுவார். வண்டியை விற்றதோடு கம்பெனியின் வியாபாரம் முடிவதில்லை. புது வண்டி விற்பனை மழையைப் போல ஒரு வருடம் கொட்டும், ஒரு வருடம் காயும். ஏற்கனவே ஓடுகிற வண்டிக்குப் பாகம் விற்பது கிணற்று ஊற்று. எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியை வாங்கினாலும், கூடவே அந்த ஊற்றையும் வாங்குகிறது. நாங்கள்தான் அந்த ஊற்று.

இந்தத் தொழிலில் இப்படி வாங்கி வளர்ந்த கதைகளில் டெரெக்ஸ் என்ற எந்திரக் கம்பெனியின் கதை எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். அதன் பிறப்பிலேயே உங்களைப் போன்ற ஓர் அதிகாரம் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1953இல் யூக்லிட் என்ற, மண் ஏற்றிக் கொட்டும் டம்பர் வண்டி செய்யும் கம்பெனியை வாங்கியது. அது போட்டியைக் கெடுக்கிறது என்று அமெரிக்க நீதித்துறை 1959இல் வழக்குப் போட்டது. 1968இல் யூக்லிட்டை விற்க வேண்டியதாயிற்று. கையில் மிஞ்சிய மண்வேலை எந்திரப் பிரிவுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் வைத்த பெயர்தான் டெரெக்ஸ். லத்தீனில் மண், அரசன் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த மண்ணரசனை ஐபிஹெச் என்ற ஜெர்மன் கம்பெனி வாங்கியது. 1975இல் தொடங்கி, கண்ணில் பட்ட எந்திரக் கம்பெனிகளையெல்லாம் சில வருடங்களுக்குள் வாங்கிச் சேர்த்த கம்பெனி அது. 1983 நவம்பரில் மொத்தமாகக் கவிழ்ந்தது. கடன் கொடுத்த வங்கி ஒன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

பிறகு அந்தப் பெயர் வேறு கைக்குப் போய், இன்னும் பெரிய பசியோடு எழுந்தது. 1998இல் ஜெர்மனியின் ஓ அண்ட் கே சுரங்க எந்திரப் பிரிவு, 1999இல் கல் உடைக்கும் எந்திரம் செய்யும் பவர்ஸ்கிரீன், 2002இல் டெமாக் நகரும் கிரேன்களும் ஆள் தூக்கும் எந்திரம் செய்யும் ஜெனியும், 2011இல் டெமாக் கிரேன்ஸ். நடுவில் வாங்கியவை இன்னும் நிறைய. அப்புறம் வாங்கியதை விற்கத் தொடங்கியது. சுரங்க எந்திரங்களை 2010இல் புசைரஸ் வாங்கியது. டம்பர்களை 2014இல் வால்வோ வாங்கி, 2021இல் பெயரை ராக்பேக் என்று மாற்றியது. துறைமுகக் கிரேன்கள் 2017இல் பின்லாந்தின் கோன்கிரேன்ஸிடமும், டெமாக் நகரும் கிரேன்கள் 2019இல் ஜப்பானின் டடானோவிடமும் போயின. இந்தியாவில் டெரெக்ஸ் நடத்திவந்த பேக்ஹோ லோடர் (எங்கள் பாஷையில் ஜேசிபி) ஆலையை 2017இல் பிரான்சின் மனிடூ வாங்கியது.

சுரங்க எக்ஸ்கவேட்டர்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜெர்மனியின் டோர்ட்முண்டில் ஓ அண்ட் கே செய்த ஆர்ஹெச் 400 உலகத்தின் மிகப் பெரிய ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டர்களில் ஒன்று. 1998இல் அது டெரெக்ஸ். 2010இல் புசைரஸ். 2011இல் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் 880 கோடி டாலருக்குப் புசைரஸையே வாங்கியதும் அதே எந்திரம் கேட் 6090 ஆனது. பதின்மூன்று வருடத்தில் நான்கு பெயர், மூன்று நிறத்துக்குக் குறையாத பெயிண்ட். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பெயிண்ட் இல்லை. புசைரஸ் தன் எந்திரங்களைத் தானே நேரடியாக விற்றுத் தானே பழுது பார்த்தது. வாங்கிய பிறகு கேட்டர்பில்லர் அந்த விற்பனை, பராமரிப்பு வேலைகளை நாடு நாடாகத் தன் டீலர்களிடம் விலைக்கு ஒப்படைத்தது. வியாபாரக் கணக்குக்கு அது சரியான ஏற்பாடாகவே இருக்கலாம். சுரங்கக் கம்பெனிக்கு வக்கீலும் உண்டு, எந்திரப் பொறியாளரும் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து மூன்றடைப்பு ஊரில் ஒரே ஒரு வண்டி வைத்திருக்கிறவருக்கு யார் இருக்கிறார்கள்?

இந்தியாவிலும் இந்த வரிசை நீளம். எஸ்கார்ட்ஸோடு கூட்டாக 1979இல் இங்கே வந்த ஜேசிபி 2003இல் கம்பெனியை முழுதாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய மண்வேலை எந்திரப் பிரிவு கேட்டர்பில்லருக்குப் போனது. எல் அண்ட் டி, கேஸ் கூட்டில் தன் பங்கை 2011இலும் கோமட்சு கூட்டில் தன் பங்கை 2013இலும் விட்டுக் கொடுத்தது. காங்கிரீட் பம்புகளில் பேர் போன மூன்று ஐரோப்பியக் கம்பெனிகளான சிஃபா, புட்ஸ்மைஸ்டர், ஷ்விங் மூன்றும் 2008க்கும் 2012க்கும் நடுவில் சீனக் கம்பெனிகளுக்குப் போய்விட்டன. கொரியாவில் டேவூ எக்ஸ்கவேட்டர் 2005இல் டூசான் ஆனது. டூசான் 2021இல் ஹூண்டாயின் குடும்பத்தில் சேர்ந்தது. இவற்றில் பலவற்றின் வண்டிகள் எங்கள் பக்கம் ஓடியிருக்கின்றன. கூடங்குளம் அணுமின் நிலைய வேலைக்கும், பணகுடி, கயத்தாறு பக்கம் காற்றாலைக்கு அஸ்திவாரம் தோண்டவும் ஊர் ஊராக ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்ததும் அவற்றில் பாதி இங்கேயே விலைக்கு வந்தது. இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக வாங்கியவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். வண்டி முதலில் எந்தப் பெயரில் பிறந்தது என்பது சில சமயம் அவர்களுக்கே தெரியாது. சேஸிஸில் அடித்த தகட்டைத் துணியால் துடைத்துப் படித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவோம்.

இனி என் கடைக்குள் வாருங்கள். இடது பக்கம் இரண்டாம் தட்டில் ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. நீளம் ஒரு சாண் கூட இராது. உள்ளே ஒரு ஹைட்ராலிக் சிலிண்டருக்கான சீல் கிட், அதாவது எண்ணெய் ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் வளையங்கள். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளில் ஒரு கம்பெனியின் பெயர், பாக எண், விலை. லேபிளின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கடையில் ஆளில்லாத நேரத்தில் நகத்தால் நெம்பினேன். அடியில் இன்னொரு லேபிள்: வேறு கம்பெனி, வேறு எண், குறைந்த விலை. அதையும் உரித்தேன். அட்டையிலேயே அச்சடித்த மூன்றாவது பெயர் இருந்தது. பெட்டியைத் திறந்து சீலைக் கையில் எடுத்து விளிம்பை வெளிச்சத்துக்குக் காட்டினால், ரப்பரில் பொடி எழுத்தில் நான்காவதாக ஒரு பெயர். சீலை உண்மையில் வார்த்த கம்பெனி அது ஒன்றுதான். மேலே இருக்கிற மூன்று பெயர்களும் மாறி மாறி விற்றவர்கள். அவர்களில் யாரும் ரப்பரைத் தொட்டதில்லை.

அந்த நான்காவது கம்பெனியிடம் நேராக வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். இந்த அளவை எந்திரக் கம்பெனிக்கு மட்டும்தான் கொடுப்போம், வெளியில் விற்க ஒப்பந்தம் இடம் கொடுக்காது என்று மரியாதையாகச் சொன்னார்கள். இந்தப் பதில் உங்களுக்குப் புதிதாக இருக்காது. 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு நீங்கள் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது எழுதிய தீர்ப்பு இதைப் பற்றியதுதான். உதிரிபாகத்தையும் பழுது கண்டுபிடிக்கும் கருவியையும் வெளிச் சந்தையில் கிடைக்காமல் செய்வது, பாகம் செய்து கொடுக்கிறவர்கள் வெளியே விற்க முடியாதபடி கட்டிப் போடுவது, இரண்டும் தவறு என்று சொன்னீர்கள். வழக்கு மேல்முறையீடு, மறுபடியும் மேல்முறையீடு என்று போனது. ஆனாலும் கார் வாங்கிய ஒருவன் தன் காருக்குப் பாகம் வாங்கும் இடமும் ஒரு தனிச் சந்தைதான் என்று நீங்கள் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். மண்வாரி எந்திரத்துக்கும் அதே நியாயம்தானே என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே பெய்த மழையை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி தன் பழைய கரையையெல்லாம் நினைவு வைத்துக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. குளங்கள் வரிசையாக உடைந்தன. நான்காம் நாள் காலையில் மூன்றடைப்புப் பக்கத்துக்காரர் ஒருவர் போன் செய்தார். ஒரு எக்ஸ்கவேட்டர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர்.

“அண்ணாச்சி, உடைந்த குளத்துக்கு வண்டியைக் கேட்கிறார்கள். பம்பு எண்ணெயைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. தெப்பமாகக் கிடக்கிறது அண்ணாச்சி.”

“வண்டியை நிறுத்தித் தொலையுங்கள். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் பம்பே போய்விடும். சீலைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள்.”

வந்தார். என் பழைய பார்ட்ஸ் புத்தகத்தில் எண்ணைத் தேடிப் பிடித்தேன். அந்தப் புத்தகம் உங்கள் அலுவலகக் கோப்பு போல இருக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் யாருடைய கட்டைவிரலாவது கறுப்பாகப் பதிந்திருக்கும். எண் கிடைத்தது. ஆனால் அந்த வண்டியைச் செய்த கம்பெனியை நடுவில் வேறொரு கம்பெனி வாங்கியிருந்தது. எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை. ஒருவரைச் சொல்லிவிட்டு மற்றவர்களை நல்லவர்களாக்க விருப்பமில்லை. பழைய டீலருக்கு ஏஜென்சி போய்விட்டது. புது டீலரின் கணினியில் அந்த எண் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, எண் மாறிவிட்டது என்று ஒரு புது எண்ணைச் சொன்னார்கள். அந்தப் புது எண்ணில் சீல் கிட் தனியாகக் கிடையாது, பம்பை முழு அசெம்பிளியாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். நாலாயிரத்துச் சொச்சத்துக்கு நான் விற்றுக்கொண்டிருந்த கிட்டுக்குப் பதில் மூன்றே கால் லட்சம். அதுவும் ஆறு வாரம் ஆகும்.

அவர் ஒன்றும் பேசவில்லை. கடைக்கு வெளியே போய், மதுரை ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். 10ஆம் தேதி அவருக்குத் தவணை.

நான் வெர்னியரை எடுத்தேன். பழைய சீலின் உதடு வெந்து மடங்கி, நாள்பட்ட ரப்பர் செருப்பின் விளிம்பு போல இருந்தது. தேயாத இடம் பார்த்து வெளிவிட்டம், உள்விட்டம், தடிமன் மூன்றையும் ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் எழுதி, படம் வரைந்து கோயம்புத்தூரில் சீல் கடைந்து கொடுக்கிற ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். முதலில் வந்தது ஒரு நூல் பெரிதாக இருந்தது. இரண்டாவது பொருந்தியது. பஸ் பார்சலில் வந்து, மாட்டி, வண்டி உறுமியபோது பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அதற்குள் குளத்தின் உடைப்பை மணல் மூட்டையும் வேறு வண்டியும் வைத்து அடைத்துவிட்டார்கள். பிசான நெல்லுக்கு நிற்க வேண்டிய தண்ணீரில் பாதி ஓடிப்போயிருந்தது. நான் போட்டுக் கொடுத்தது அசல் சீல் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சில மாதம் தாங்கியது. மறுபடியும் கடைந்தோம்.

குளம் உடைந்தது மழையால். அதைக் கம்பெனிகளின் தலையில் போட மாட்டேன். வண்டி பத்தொன்பது நாள் நின்றதற்கு மட்டும் மழை பொறுப்பில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. கம்பெனிகள் கைமாறுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வாங்க ஆளில்லாமல் ஒரு கம்பெனி செத்தால் அதன் வண்டிகள் அன்றைக்கே அநாதை. ஐபிஹெச் கவிழ்ந்தபோது எத்தனை வண்டிக்காரர்கள் தலையில் கை வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெரிய கம்பெனி ஒன்று வாங்கிய பிறகு, பதினைந்து நாள் ஆகிக்கொண்டிருந்த பாகம் இரண்டே நாளில் வரத் தொடங்கியதையும் இதே கடையில் பார்த்திருக்கிறேன். பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின் கம்பெனியை 1998இல் கேட்டர்பில்லர் வாங்கியது. பெர்க்கின்ஸ் இன்றும் தன் பெயரிலேயே மற்ற எந்திரக் கம்பெனிகளுக்கும் என்ஜின் விற்கிறது. நல்ல மனதோடு செய்தால் இப்படியும் செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. பெர்க்கின்ஸ் என்ஜினை வாங்கிப் பொருத்திவந்த ஜேசிபி 2004இல் சொந்தமாக என்ஜின் செய்யத் தொடங்கிவிட்டது. போட்டிக்காரர் கைக்கு என்ஜின் போனதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர்களுக்குப் பயம் வந்தால் சொந்தமாக என்ஜினே செய்துகொள்ளலாம். எங்களுக்குப் பயம் வந்தால் வெர்னியர்தான்.

வாங்குகிறவர்கள் என்னத்தைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பதும் எனக்கு ஒரு சந்தேகம். 2012இல் கேட்டர்பில்லர் சீனாவில் ஒரு சுரங்க எந்திரக் கம்பெனியை வாங்கியது. சில மாதத்துக்குள் அதன் கணக்குகளில் மோசடி இருந்தது தெரியவந்து, 2013 ஜனவரியில் 58 கோடி டாலரை நட்டமாக எழுத வேண்டியதாயிற்று. இந்தத் தொழிலில் உலகத்திலேயே பெரிய கம்பெனி, எத்தனையோ ஆடிட்டர்கள். கணக்குப் புத்தகமே இப்படித் தப்புகிறது என்றால், வாங்கப்படும் கம்பெனியின் பழைய பார்ட்ஸ் பட்டியலை யாராவது திறந்து பார்ப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். 2023இல் திருத்திய போட்டிச் சட்டம் 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு, ஓர் இணைப்பைப் பற்றி 30 நாளுக்குள் முதல் கருத்தும் 150 நாளுக்குள் முடிவும் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். முதல் பார்வையில் பாதகம் தெரிந்தால்தான் விவரத்தைப் பொதுவில் வெளியிடச் சொல்லி, பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்கிறீர்கள். இரு தரப்புக்கும் வியாபாரம் ஒன்றோடொன்று மோதவில்லை என்றால் 2019 முதல் கிரீன் சேனல் என்று ஒரு வழியே இருக்கிறது. மனுப் போட்ட உடனே ஒப்புதல். அந்த முதல் பார்வையில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. புது எக்ஸ்கவேட்டர் விற்கிறவர்கள் எத்தனை பேர், இணைந்த பிறகு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எண்ணுவீர்கள். ஐந்து பேர் மிஞ்சினால் நல்லது என்று விட்டுவிடுவீர்கள் போலும். வாங்கப் போகிறவனுக்கு ஐந்து கடை. வாங்கிவிட்டவனுக்கு அவன் வண்டிக் கம்பெனி ஒன்றுதான் கடை. அந்த ஒரு கடையின் பூட்டு கைமாறுவதற்கு உங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லாமல் இருக்கக் கூடாது.

மனுப் போடுகிறவர்களை இவ்வளவு கேளுங்கள் போதும். வாங்கப்படுகிற கம்பெனியின் வண்டிகள் இந்தியாவில் எத்தனை ஓடுகின்றன, எந்த மாடல் எந்த வருடத்தைச் சேர்ந்தது? அவற்றுக்கு எத்தனை வருடம் பாகம் கொடுப்பீர்கள்? பதினைந்து வருடத்துக்குக் குறைவாகச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பழைய பாக எண்ணுக்கு எது புது எண் என்ற பட்டியலை, பாஸ்வேர்டு கேட்காத ஓர் இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடச் சொல்லுங்கள். அதற்கு அவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை, அந்தப் பட்டியல் அவர்கள் கணினியில் ஏற்கனவே இருக்கிறது. நேற்றுவரை தனியாக விற்ற சீல் கிட்டை இன்றிலிருந்து அசெம்பிளிக்குள் ஒளித்துவைக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் இனிமேல் அந்தப் பாகத்தைச் செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தால், ரப்பரை வார்த்த அந்த நான்காவது கம்பெனி எங்களுக்கு நேராக விற்பதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. நிபந்தனை போடுவது உங்களுக்குப் புதிதல்ல. 2014இல் சன் பார்மா, ரான்பாக்ஸியை வாங்கியபோது சில மருந்துகளை வேறொருவருக்கு விற்றுவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுமதித்தீர்கள். ஒரு பம்பின் சீலுக்கும் அதில் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.

புது வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயர் வண்டிகளுக்கு 2021 ஏப்ரலில் நான்காம் கட்டப் புகை விதி வந்தது, 2025 ஜனவரியில் ஐந்தாம் கட்டம் வந்தது. புகை குறைந்தது, எனக்குச் சந்தோஷம், முப்பது வருடம் அதை முகர்ந்தவன். ஆனால் வண்டிக்குள் சென்சாரும் கணினியும் வந்துவிட்டன. திரையில் ஓர் எண் வந்து வண்டி வேகம் குறைந்தால், லேப்டாப்போடு மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும். அந்த லேப்டாப்பில் இருக்கிற மென்பொருளுக்கு டீலரிடம்தான் அனுமதி. நாளைக்குக் கம்பெனி கைமாறி டீலர் மாறினால் அந்த அனுமதி என்ன ஆகும்? சீலை வெர்னியர் வைத்து அளந்துவிடலாம். மென்பொருளை எதை வைத்து அளப்பது? 2022இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டு விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைச் சொன்னது. மண்வாரி எந்திரம் என்று தனியாகப் பெயர் சொல்லப்படவில்லை. குளம் தூர்வாருகிற வண்டி விவசாயக் கருவியா, ரோட்டில் போகிற வாகனமா என்று கேட்டு எந்தக் கதவையும் நாங்கள் தட்ட முடியவில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். இணைப்பைப் பற்றிய பொது அறிவிப்பை வெளியிடும்போது தமிழ்ப் பத்திரிகையிலும் போடச் சொல்லுங்கள். ‘பொக்லைன்’ என்று எழுதினாலும் பரவாயில்லை, எங்களுக்குப் புரியும்.

மூன்று பெயர் தாங்கிய அந்தப் பெட்டியை நான் விற்கவில்லை. பழைய பார்ட்ஸ் புத்தகத்தின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஆணையத்திலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மற்ற நாட்களில் காலை ஒன்பது மணியிலிருந்து இருப்பேன். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றுவரை மட்டும் வர வேண்டாம், சாப்பிடப் போயிருப்பேன்.

இப்படிக்கு,
ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்,
தச்சநல்லூர், திருநெல்வேலி